மறுப்பவரையும் சேர்த்துப் படியுங்கள்: யூதச் சிந்தனைக்குள் நுழைவோருக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்



யூதத் தத்துவத்தை எங்கே தொடங்குவது என்று கேட்டு வருகிறவர்களிடம் நேரில் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலோர் ஒரு பெயரோடுதான் வருகிறார்கள். ஒருவருக்கு ஸ்பினோசா, ஒருவருக்கு மார்ட்டின் பூபர், இன்னொருவருக்குக் கபாலா. எந்தப் பெயரோடு வந்தாலும் நல்லதுதான். ஆனால் இந்த மரபில் தனியாக நின்று பேசியவர் யாருமில்லை. ஒவ்வொருவரும் யாரோ ஒருவருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த யாரோ ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்துபோனவராகவும் இருக்கலாம். யாருக்குச் சொன்ன பதில் என்று தெரியாமல் பதிலை மட்டும் படித்தால் பாதிதான் கைக்கு வரும். கீழே உள்ள பன்னிரண்டும் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன.

1. ஆண்டையும் ஊரையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்

பெரிய தாள் ஒன்றில் காலக்கோடு போடுங்கள். கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். 200 வாக்கில் யூதா ஹநாசி வாய்மொழிச் சட்டங்களை மிஷ்னாவாகத் தொகுத்தார். அடுத்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில், அதன்மேல் எழுந்த விவாதங்களின் தொகுப்பாகப் பாபிலோனியத் தல்மூத் உருப்பெற்றது. 933இல் ஸாதியா காவோனின் தத்துவ நூல், 1190 வாக்கில் மைமோனிடிஸின் ‘குழம்பியோருக்கான வழிகாட்டி’, 1492இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றம், 1656இல் ஸ்பினோசாவின் விலக்கம், 1783இல் மெண்டல்சனின் ‘எருசலேம்’, 1921இல் ரோசன்ஸ்வைக்கின் ‘மீட்பின் நட்சத்திரம்’. முதல் தாளுக்கு இவ்வளவு போதும்.

ஒவ்வோர் ஆண்டின் பக்கத்திலும் ஊரை எழுதுங்கள். அலெக்சாந்திரியா, சூரா, கொர்தோபா, ஃபுஸ்தாத், துருவா, சஃபெத், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், வில்னா, ஃபிராங்ஃபர்ட் என்று பட்டியல் நீளும். அந்த ஊரில் அப்போது ஆட்சி செய்தவர் யார், தெருவில் பேசிய மொழி எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபைலோ கிரேக்கத்தில் எழுதினார். மைமோனிடிஸ் தன் தத்துவ நூலை அரபு மொழியில், எபிரேய எழுத்துகளில் எழுதினார். ஸ்பினோசா எழுதியது லத்தீனில், கோஹனும் பூபரும் ஜெர்மனில், லெவினாஸ் பிரெஞ்சில். ஆளும் அரசும் பேசும் மொழியும் மாறும்போது கேட்கப்படும் கேள்வியும் மாறியது. அந்த மாற்றம்தான் நீங்கள் படிக்கப்போகும் பாடம்.

2. தனாக்கை அதன் சொந்த வரிசையில் படியுங்கள்

நம்மில் பலருக்குப் ‘பழைய ஏற்பாடு’ தமிழிலேயே அறிமுகம். கையில் இருக்கும் அந்தத் தமிழ் வேதாகமத்தை வைத்தே தொடங்கலாம். ஆனால் யூதர்களின் தனாக் வேறு அடுக்கில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். முதலில் மோசேயின் நூல்களான தோரா, அடுத்து தீர்க்கதரிசிகள், கடைசியாக எழுத்துகள். மொத்தம் 24 நூல்கள். கிறிஸ்தவ வரிசை மல்கியாவில் முடிந்து புதிய ஏற்பாட்டை நோக்கி நிற்கிறது. யூத வரிசை நாளாகமத்தில் முடிகிறது. பாரசீக மன்னன் கோரேசு, எருசலேமுக்குத் திரும்பிப் போகலாம் என்று அனுமதி கொடுக்கும் இடம் அது. ஒரு நூல்தொகுப்பு எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து அது எதை எதிர்பார்க்கிறது என்பதும் மாறும்.

தத்துவ மாணவர் முதலில் மூன்று இடங்களைப் படிக்க வேண்டும். ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில் சோதோமுக்காக ஆபிரகாம் கடவுளிடமே வழக்காடி, ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்து வரை இறங்கி வருகிறார். யோபு, தனக்கு நேர்ந்த துன்பத்துக்கு நண்பர்கள் சொல்லும் எந்த விளக்கத்தையும் ஏற்க மறுக்கிறார். முடிவில் கடவுள் கடிந்துகொள்வது அந்த நண்பர்களைத்தான். பிரசங்கி, உழைப்புக்கும் பலனுக்கும் உள்ள தொடர்பையே சந்தேகிக்கிறார். பின்னால் வரும் அத்தனை தத்துவ நூல்களும் இந்த மூன்று கேள்விகளுக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன.

3. தல்மூத்தின் ஒரு பக்கத்தைப் பொறுமையாகப் பாருங்கள்

எபிரேயமோ அரமேயமோ ஓரெழுத்தும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அச்சிட்ட தல்மூத் பக்கம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுவில் மூலம் இருக்கும். உட்புற ஓரத்தில் 1105இல் காலமான, பிரான்சின் துருவா நகரத்து ராஷியின் உரை. வெளிப்புற ஓரத்தில் தோசஃபோத் என்னும் பிற்கால உரைகள். 1520களின் தொடக்கத்தில் வெனிஸில் டேனியல் போம்பர்க் என்ற கிறிஸ்தவ அச்சகர் வெளியிட்ட பதிப்பிலிருந்து இந்த அமைப்பு நிலைத்துவிட்டது. தோசஃபோத் ஆசிரியர்களில் முதன்மையானவர் ரபேனு தாம். அவர் ராஷியின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவின் விளக்கம் சரியில்லை என்று அதே பக்கத்தின் மறு ஓரத்தில் பேரன் வாதிடுகிறார். இரண்டையும் அருகருகே அச்சிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

தோற்ற கருத்தை ஏன் அழிக்காமல் வைத்தார்கள் என்ற கேள்வியை மிஷ்னாவே எழுப்புகிறது. பின்னால் வரும் ஒரு நீதிமன்றம் அந்தச் சிறுபான்மைக் கருத்தை ஆதாரமாகக் கொள்ளலாம் என்பது அங்கே தரப்படும் காரணங்களில் ஒன்று. ஹில்லேல் வழியினர், ஷம்மாய் வழியினர் என்ற இரு சட்டப் பள்ளிகள் மூன்று ஆண்டுகள் ஒரு விவாதத்தில் நின்றபோது, இரு தரப்பும் கடவுளின் வார்த்தையே, நடைமுறை மட்டும் ஹில்லேல் வழி என்று வானக்குரல் சொன்னதாகத் தல்மூத் கூறுகிறது. ஹில்லேல் வழியினருக்கு அந்தத் தகுதி ஏன் வந்தது? அவர்கள் மென்மையானவர்கள், தங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன் எதிர்த்தரப்பின் கருத்தைச் சொன்னார்கள்.

அக்னாய் அடுப்பின் கதையையும் படிக்காமல் விடாதீர்கள். ஓர் அடுப்பு தூய்மையானதா என்ற சட்டக் கேள்வியில் ரபி எலியேசர் அற்புதங்களைக் காட்டுகிறார். மரம் பிடுங்கிக்கொண்டு நகர்கிறது, நீர் பின்னோக்கி ஓடுகிறது, வானக்குரலும் அவர் பக்கமே பேசுகிறது. தோரா இப்போது வானத்தில் இல்லை, தீர்ப்பு பெரும்பான்மையினுடையது என்று ரபி யோசுவா எழுந்து நிற்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வெற்றியோடு நிறுத்திவிடுகிறார்கள். கதை அங்கே முடியவில்லை. எலியேசர் விலக்கி வைக்கப்படுகிறார், அழுகிறார். விலக்கியவர்களின் தலைவரான கமாலியேல் அந்தக் கண்ணீரின் விளைவாக இறந்துபோகிறார். பெரும்பான்மையின் உரிமையையும், அந்த உரிமை ஒரு மனிதனுக்கு இழைத்த காயத்தையும் ஒரே கதை தாங்கி நிற்கிறது. கடைசி வரி வரை படிக்கும் பழக்கத்தை இந்தக் கதையில் தொடங்குங்கள்.

4. துணை சேர்த்துக்கொண்டு படியுங்கள்

யூதக் கல்விக்கூடங்களில் இருவர் இருவராக உட்கார்ந்து உரக்கப் படித்து வாதிடுவார்கள். இதற்கு ஹவ்ருதா என்று பெயர். தல்மூத்தில் ரபி யோஹனானுக்கும் ரேஷ் லாகிஷுக்கும் இப்படியொரு உறவு இருந்தது. ரேஷ் லாகிஷ் இறந்தபின், துயரத்தில் இருந்த யோஹனானுக்கு வேறொரு அறிஞரைத் துணையாக அனுப்பினார்கள். அவர் யோஹனான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் சான்று தேடி ஆதரித்தார். யோஹனானுக்கு இன்னும் வேதனைதான். ரேஷ் லாகிஷ் ஒவ்வொரு கூற்றுக்கும் 24 மறுப்புகள் எழுப்புவான், நான் 24 விடைகள் சொல்வேன், பொருள் அப்படித்தான் விரிந்தது என்று புலம்பினார்.

உங்களுக்கும் அப்படியொரு துணை வேண்டும். உங்களோடு ஒத்துப்போகிறவரைத் தேடாதீர்கள். இறைநம்பிக்கை உள்ளவர் இல்லாதவரோடும், சட்டம் படித்தவர் இலக்கியம் படித்தவரோடும் உட்காரட்டும். ஒரு பத்தியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும். அதன் பிறகு வாதிடுங்கள்.

5. அரபு உலகத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

ஃபைலோவிலிருந்து நேரே மைமோனிடிஸுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. ஃபைலோ அலெக்சாந்திரியாவில் தோராவுக்குப் பிளேட்டோவின் வெளிச்சத்தில் உருவகப் பொருள் சொன்னவர். கி.பி. 38இல் அங்கே யூதர்கள் தாக்கப்பட்டபின், பேரரசன் காலிகுலாவிடம் முறையிடச் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ஆனால் அவருடைய நூல்களைக் காத்து வைத்தவர்கள் கிறிஸ்தவர்கள். ரபிகளின் மரபில் அவருக்கு நேரடி வாரிசு இல்லை.

யூதத் தத்துவம் தொடர்ந்து ஓடத் தொடங்கியது இஸ்லாமிய ஆட்சியில்தான். எகிப்தில் 882இல் பிறந்த ஸாதியா, 928இல் சூரா கல்விக்கூடத்தின் தலைவரானார். வாய்மொழி மரபையே ஏற்காத காரைத்திய யூதர்கள் ஒருபக்கம், பகுத்தறிவால் இறையியல் பேசிய முஸ்லிம்களான முஃதஸிலாக்கள் மறுபக்கம் என்ற சூழலில் அவர் எழுதினார். முதலில் அறிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டு, புலன், பகுத்தறிவு, அனுமானம் ஆகிய மூன்றையும் வைத்து, நான்காவதாக நம்பத்தகுந்த மரபைச் சேர்த்தார்.

பெயரைப் பார்த்து மதத்தை முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கும் இக்காலமே பாடம். ‘வாழ்வின் ஊற்று’ என்ற நூல் லத்தீன் உலகில் அவிசெப்ரோன் என்பவரின் பெயரில் நூற்றாண்டுகளாகப் புழங்கியது. அவரை முஸ்லிம் என்றும் கிறிஸ்தவர் என்றும் எண்ணியே அறிஞர்கள் விவாதித்தார்கள். 1846இல் சாலமன் முங்க் என்ற அறிஞர், பாரிஸ் நூலகத்தில் கிடைத்த எபிரேயச் சுருக்கத்தோடு ஒப்பிட்டு, அது எபிரேயக் கவிஞர் சாலமோன் இப்ன் கபிரோலின் நூல் என்று நிறுவினார். இரு மரபுகளும் அவ்வளவு பின்னிக் கிடந்தன. ஆகவே முஸ்லிம் தத்துவவாதிகளான அல்ஃபராபி, இப்ன் சீனா இருவரையும் ஓரளவாவது அறிந்துகொண்ட பிறகு இக்கால யூத நூல்களுக்குள் போங்கள்.

6. மைமோனிடிஸை அவசரமாகத் திறக்காதீர்கள்

கொர்தோபாவில் 1138 வாக்கில் பிறந்தவர் அவர். அல்மோஹத் படையெடுப்பால் குடும்பம் ஊரைவிட்டுப் போய், ஃபெஸ் வழியாக எகிப்தில் குடியேறியது. தம்பி தாவீது இந்தியாவோடு வணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கியவர். அவர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். அந்தச் செய்திக்குப் பின் ஏறத்தாழ ஓராண்டு தாம் படுத்த படுக்கையாகக் கிடந்ததை மைமோனிடிஸ் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். பிறகு மருத்துவத் தொழிலால் பிழைப்பு நடத்தினார், அரசவை மருத்துவரானார், 1204இல் காலமானார்.

‘மிஷ்னே தோரா’ என்று 14 நூல்களில் யூதச் சட்டம் முழுவதையும் தெளிவான எபிரேயத்தில் அடுக்கியவரும் அவரே. படிப்பவரை வேண்டுமென்றே திணறவைக்கும் ‘வழிகாட்டி’யை எழுதியவரும் அவரே. முதலாவதைத் தொட்டுப் பார்க்காமல் இரண்டாவதற்குப் போகாதீர்கள். ‘வழிகாட்டி’யின் முன்னுரையில் நூல்களில் முரண்பாடு வருவதற்கான ஏழு காரணங்களை வரிசைப்படுத்தி, அவற்றில் இரண்டு தன் நூலிலும் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். பொறுக்கி எடுத்த ஒரு வரியை வைத்து அவர் கருத்து இதுதான் என்று அறுதியிடாதீர்கள்.

உலகம் படைக்கப்பட்டதா, என்றும் இருப்பதா என்ற இடத்தை மட்டும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வேதம் படைப்பைச் சொல்கிறது என்பதற்காக மட்டும் அரிஸ்டாட்டிலை மறுக்கவில்லை என்கிறார். உலகம் என்றும் இருப்பது என நிரூபிக்கப்பட்டிருந்தால் வேத வரிகளுக்கு வேறு பொருள் சொல்லியிருக்க முடியும். நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். நம்பிக்கையை விடாமலே சான்றுக்கு இவ்வளவு இடம் கொடுத்த எழுத்து எந்த மரபிலும் அரிது.

7. எதிராளியை அதே வாரத்தில் படியுங்கள்

மைமோனிடிஸைப் படிக்கும்போது யூதா ஹலேவியையும் எடுங்கள். 1140 வாக்கில் முடிந்த ‘குசாரி’, கசார் மன்னன் ஒரு தத்துவவாதியையும் ஒரு கிறிஸ்தவரையும் ஒரு முஸ்லிமையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் யூத அறிஞரிடம் வரும் உரையாடல். அரிஸ்டாட்டிலின் கடவுளை அறிவால் எட்டலாம். ஆபிரகாமின் கடவுளுக்காகத்தான் மனிதன் உயிரையும் கொடுப்பான் என்பது ஹலேவியின் வாதம். அந்த நூலை எழுதியபின் அவரே ஸ்பெயினை விட்டுப் புனித நாட்டை நோக்கிக் கப்பலேறினார்.

இவ்விருவரின் வேறுபாடு கூர்மையாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு. மதம் மாறி வந்தவர் பிறப்பால் யூதரானவருக்கு முழுச் சமமாக மாட்டார் என்கிறது ‘குசாரி’. ஒபதியா என்ற மதம் மாறியவர், ‘எங்கள் முன்னோரின் கடவுளே’ என்று நானும் தொழலாமா என்று மைமோனிடிஸிடம் கேட்டார். தயங்காமல் சொல்லுங்கள், உங்களுக்கும் எங்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை என்று பதில் எழுதினார் மைமோனிடிஸ். ஹலேவியின் அந்தப் பகுதி இன்றைய வாசகருக்கு உறுத்தும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். நாடற்று, இரு பேரரசு மதங்களுக்கு நடுவே நசுங்கிய ஒரு சமூகம் தன் தனித்தன்மையை எதில் ஊன்றியது என்று கேட்டுப் படியுங்கள்.

மைமோனிடிஸுக்கு எதிர்ப்பு அவர் இறந்தபின் பெருகியது. 1232இல் தென் பிரான்சில் அவர் நூல்களைச் சுற்றி விலக்கும் எதிர்விலக்கும் பறந்தன. 1305இல் பார்சிலோனாவில், 25 வயதுக்குக் குறைந்தவர்கள் கிரேக்க இயற்பியலையும் மெய்யியலையும் படிக்கக் கூடாது என்று ரபி சாலமோன் இப்ன் அத்ரெத் தடை விதித்தார். மருத்துவத்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை. 1391 கலவரத்தில் ஒரே மகனைப் பறிகொடுத்த ஹஸ்தாய் க்ரெஸ்காஸ், 1410இல் முடித்த நூலில் அரிஸ்டாட்டிலின் இயற்பியலையே அசைத்தார். வெற்றிடம் இருக்க முடியும், முடிவிலியும் இருக்க முடியும் என்றார். மனிதனின் உச்சம் அறிவில் இல்லை, அன்பில் இருக்கிறது என்றும் வாதிட்டார். தத்துவத்தைத் தடுக்கத் தடை போட்டவரும் உண்டு, தத்துவத்தாலேயே பதில் சொன்னவரும் உண்டு. இரண்டையும் பாருங்கள்.

8. கபாலாவை வரலாற்றோடு படியுங்கள்

கபாலா என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் சோதிட, செல்வப் புத்தகங்களை ஒதுக்குங்கள். ‘ஸோஹர்’ இரண்டாம் நூற்றாண்டு ஞானி ஷிமோன் பார் யோஹாயின் வாய்மொழி என்பது பக்தர்களின் நம்பிக்கை. அது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஸ்தீலில், மோசே தெ லியோனையும் அவர் வட்டத்தையும் சார்ந்து உருவானது என்பது கெர்ஷோம் ஷோலெமும் அவருக்குப் பின் வந்தவர்களும் நிறுவிய ஆய்வு. 1941இல் வந்த ஷோலெமின் ‘யூத மறைஞானத்தின் முக்கியப் போக்குகள்’ இத்துறைக்கு இன்றும் நல்ல வாசல்.

ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட சமூகம் சஃபெத் நகரில் கூடியது. அங்கே 1572இல், 38 வயதில் இறந்த ஐசக் லூரியா, கடவுள் தன்னைச் சுருக்கிக்கொண்டு உலகத்துக்கு இடம் விட்டார், ஒளி தாங்கிய கலங்கள் உடைந்தன, சிதறியதைச் சேர்ப்பது மனிதனின் பணி என்று கற்பித்தார். அவர் எழுதியது மிகக் குறைவு. சீடர் ஹயிம் விதால்தான் எழுதி வைத்தார். இந்தச் சிந்தனை எவ்வளவு ஆறுதல் தந்ததோ அவ்வளவு ஆபத்தான எதிர்பார்ப்பையும் வளர்த்தது. 1665–66இல் மெசியாவாகக் கொண்டாடப்பட்ட ஷப்தாய் ஸ்வி சுல்தானின் முன் இஸ்லாமைத் தழுவியபோது யூத உலகமே அதிர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் பால் ஷேம் தோவ் என்ற ஞானியின் வழிவந்த பக்தி இயக்கத்தினரான ஹசிதியர்களை 1772இல் தல்மூத் அறிஞர் வில்னா காவோனின் தரப்பு விலக்கி வைத்ததில் அந்தப் பழைய அச்சமும் கலந்திருந்தது.

9. ஸ்பினோசாவை மெண்டல்சனோடு சேர்த்து வையுங்கள்

1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் 23 வயது ஸ்பினோசாவை விலக்கியது. 1670இல் பெயரில்லாமல் வெளியிட்ட இறையியல்–அரசியல் நூலில், வேதத்தை மற்ற நூல்களைப் போல மொழியும் வரலாறும் கொண்டு படிக்க வேண்டும் என்றார் அவர். வேதம் நம்மிடம் கேட்பது கீழ்ப்படிதலையும் நீதியையும், தத்துவ உண்மையை அல்ல என்றார். மைமோனிடிஸின் பெயரைச் சொல்லியே அவருடைய வாசிப்பு முறையை மறுத்தார். ஸ்பினோசாவை மட்டும் படித்தவர், அவர் எதிர்த்து நிற்கும் மனிதரைப் பார்ப்பதே இல்லை.

நூறாண்டு கழித்து மோசஸ் மெண்டல்சன் எழுதுகிறார். டெஸ்ஸாவிலிருந்து 1743இல் பெர்லினுக்கு வந்த ஏழைச் சிறுவன். ஐரோப்பாவே மதித்த தத்துவவாதியானவர். நீ இவ்வளவு பகுத்தறிவாளன் என்றால் ஏன் இன்னும் யூதனாக இருக்கிறாய் என்று வெளிப்படையாகவே அவரிடம் கேட்டார்கள். 1783இன் ‘எருசலேம்’ அதற்குப் பதில். கடவுளைப் பற்றிய உண்மைகள் எல்லா மனிதருக்கும் பகுத்தறிவால் கிடைப்பவை. சீனாயில் அருளப்பட்டது சட்டம்தான். அரசுக்கும் சரி, மதத்துக்கும் சரி, நம்பிக்கையில் வற்புறுத்தும் உரிமை கிடையாது. விலக்கி வைக்கும் அதிகாரமும் சமூகத்துக்கு வேண்டாம். ஸ்பினோசாவுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், ஒவ்வொரு வரியும் எந்தப் புண்ணைத் தொடுகிறது என்பது புரியும்.

10. இருபதாம் நூற்றாண்டை வாழ்க்கைகளோடு படியுங்கள்

ஹெர்மன் கோஹன் காண்ட்டின் வழியில் யூத மதத்தைப் பகுத்தறிவின் மதமாக வாதிட்டார். அந்த நூல் அவர் மறைவுக்குப் பின் 1919இல் வந்தது. அவரிடம் கற்ற ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக், கிறிஸ்தவராக மாறும் விளிம்பில் நின்று 1913இல் திரும்பி வந்தவர். முதல் உலகப்போரின் மக்கதோனியப் போர்முனையிலிருந்து அம்மாவுக்கு அனுப்பிய அஞ்சலட்டைகளில் ‘மீட்பின் நட்சத்திரம்’ உருவாகத் தொடங்கியது. மரண பயத்தை மறைக்கும் எந்தத் தத்துவமும் பொய் என்று அதன் முதல் பக்கங்கள் வாதிடுவது ஏன் என்று இனி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1920இல் ஃபிராங்ஃபர்ட்டில் பெரியவர்களுக்கான யூதக் கல்விக்கூடம் தொடங்கினார். உடல் முழுவதும் செயலிழந்த நிலையிலும் பூபரோடு சேர்ந்து வேதத்தை ஜெர்மனில் பெயர்த்துக்கொண்டே 1929இல் இறந்தார்.

பூபரின் ‘நான்–நீ’ 1923இல் வந்தது. இந்திய வாசகர் அதோடு நிறுத்தக் கூடாது. 1938 நவம்பரில் ஜெர்மனி எங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்ட சில நாட்களில், காந்தி ‘ஹரிஜன்’ இதழில் ஜெர்மன் யூதர்கள் சத்தியாகிரகம் செய்ய வேண்டும் என்று எழுதினார். பூபர் 1939 பிப்ரவரியில் எருசலேமிலிருந்து காந்திக்கு நீண்ட கடிதம் எழுதினார். காந்திமீது பெருமதிப்பு வைத்திருந்தவர் அவர். சாட்சி சொல்லக்கூட யாருமற்ற இடத்தில் தன்னையே கொடுப்பது எதைச் சாதிக்கும் என்பதே அவர் கேள்வியின் சாரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அகிம்சையை மதிப்பவர் யாரும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் போகக் கூடாது.

இதே நூற்றாண்டில் இன்னும் மூவரையாவது தெரிந்துகொள்ளுங்கள். லித்துவேனியாவில் பிறந்து, ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில் இருந்து, அடுத்தவரின் முகத்திலிருந்தே அறம் தொடங்குகிறது என்று எழுதிய லெவினாஸ். யூதச் சட்டத்தில் வாழும் மனிதனின் உள்ளத்தைத் தத்துவ மொழியில் எழுதிய சொலோவைச்சிக். காலத்துக்குள் கட்டிய ஆலயம் என்று ஓய்வுநாளைப் பேசிய ஹெஷல். 1965இல் செல்மாவில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்தவரும் அவரே.

11. பேரழிவை மதியுங்கள், அனைத்தையும் அதற்குள் அடைக்காதீர்கள்

அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகு கடவுளைப் பற்றி எப்படிப் பேசுவது? ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன், வரலாற்றை ஆளும் கடவுளை இனி நம்ப முடியாது என்றார். எமில் ஃபாக்கன்ஹைம், மரபின் 613 கட்டளைகளோடு 614ஆவது ஒன்று சேர்ந்துவிட்டது என்றார்: ஹிட்லருக்கு இறந்தபின்னும் வெற்றி தராதே. தாயை ஆஷ்விட்ஸில் இழந்த ஹான்ஸ் யோனாஸ், எல்லாம் வல்ல கடவுள் என்ற கருத்தைக் கைவிட்டார். அதற்கு அவர் துணைக்கழைத்தது லூரியாவின் சுருங்கும் கடவுளை. வார்சா கெட்டோவுக்குள் 1939 முதல் 1942 வரை உரையாற்றிய ரபி கலோனிமஸ் ஷபிராவின் தாள்கள் மண்ணில் புதைக்கப்பட்டு, போருக்குப் பின் கிடைத்து, 1960இல் நூலாயின. வெளியே நின்று கேட்ட கேள்விகளுக்கு முன், உள்ளே இருந்தவர் பேசியதைப் படியுங்கள்.

ஆனால் ஹலேவியும் மைமோனிடிஸும் இந்த முடிவை நோக்கி எழுதவில்லை. அவர்கள் காலத்து மகிழ்ச்சியையும் ஆராய்ச்சி ஆர்வத்தையும் அவர்களுக்கே விட்டுவையுங்கள். இன்றைய இஸ்ரேல்–பாலஸ்தீன அரசியலைப் பற்றி உங்களுக்கு உறுதியான கருத்து இருக்கலாம், இருக்க வேண்டும். அதை வைத்து ஆறாம் நூற்றாண்டு நூலுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். தல்மூத் இப்படிச் சொல்கிறது என்று வெட்டி ஒட்டிப் பரப்பப்படும் வரிகளை மூலத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள். 1240இல் பாரிஸில் இத்தகைய குற்றச்சாட்டுகளின் பேரில் தல்மூத் விசாரணைக்கு நின்றது. 1242இல் 24 வண்டி நிறையக் கையெழுத்துப் படிகள் எரிக்கப்பட்டன.

விடுபட்ட குரல்களையும் கேளுங்கள். சீனாயில் மோசே மக்களிடம் பேசும்போது, பெண்ணை நெருங்காதிருங்கள் என்று ஆண்களை நோக்கியே பேசுகிறாரே, பெண்கள் அங்கே நின்றார்களா என்று 1990இல் கேட்டார் ஜூடித் பிளாஸ்கோ. ஐரோப்பாவுக்கு வெளியேயும் பாருங்கள். நமக்கு அருகே கொடுங்கல்லூர்ப் பகுதியில், ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் 1000 வாக்கில் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதைக் கொச்சி யூதர்கள் நூற்றாண்டுகளாகக் காத்து வந்தார்கள்.

12. ஓராண்டுத் திட்டம் போடுங்கள்

முதல் மூன்று மாதம் தனாக்கில் நான் சொன்ன மூன்று இடங்களும், மிஷ்னாவின் ‘பிர்கே அவோத்’தும். அடுத்த மூன்று மாதம் தல்மூத் கதைகள், ஸாதியா, ‘குசாரி’யின் முதல் பகுதி. மூன்றாம் பருவத்தில் மைமோனிடிஸின் ‘வழிகாட்டி’. 1963இல் வந்த ஷ்லோமோ பைன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு துல்லியமானது. கடைசிப் பருவத்தில் ஸ்பினோசா, மெண்டல்சன், ரோசன்ஸ்வைக், பூபர், இவர்களில் இருவர் போதும். தனாக், மிஷ்னா, தல்மூத் மூலங்களும் ஆங்கில ஆக்கங்களும் ‘செஃபாரியா’ இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எபிரேய எழுத்துகள் 22தான். தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் சீக்கிரமே எழுத்துக்கூட்டிவிடுவீர்கள்.

1923இல் ரபி மேயர் ஷபிரா தொடங்கி வைத்த முறைப்படி, உலகெங்கும் யூதர்கள் தினம் ஓர் ஏடாகத் தல்மூத்தைப் படிக்கிறார்கள். 2711 ஏடுகள் முடிய ஏழரை ஆண்டுகள் ஆகும். முடித்த மறுநாளே மீண்டும் முதல் ஏட்டுக்குப் போகிறார்கள். நீங்களும் முடிப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் ஆசிரியர் யாருக்குப் பதில் சொல்கிறார், அந்த எதிராளியின் வாதம் என்ன என்று எழுதுங்கள். அந்த எதிராளியே படித்தால், ஆம், நான் சொன்னது இதுதான் என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். வலப்பக்கத்தில் ஆசிரியரின் பதிலையும் உங்கள் மறுப்பையும் எழுதுங்கள். இடப்பக்கம் நேர்மையாக நிரம்பாத வரை வலப்பக்கத்தைத் தொடாதீர்கள். யோபுவில் தொடங்குங்கள். 42 அதிகாரங்கள். அந்த மூன்று நண்பர்களின் வாதங்களை, அவர்கள்மீது கோபப்படாமல், முதலில் இடப்பக்கத்தில் எழுதி முடியுங்கள்.